பெண் பார்த்த ஊர்

சான் பிரான்சிஸ்கோ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஊர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அழகான ஊர் என்கிறார்கள், இருக்கலாம். நான் அதை ஒரே ஒரு நாள் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. பாதி நாள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தெரியாமல் நான் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் டெக்சாஸில் முதுகலைப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஹூஸ்டனில் பல்கலைக்கழகத்துக்குப் பின்புறம் ஒரு பழைய அபார்ட்மென்ட்டில் மூன்று பெண்கள் சேர்ந்து இருந்தோம். ஒருத்தி நாமக்கல் பக்கத்துக்காரி. கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் நான்கு வருடம் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள், அமெரிக்காவுக்கும் ஒரே விமானத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவள். இன்னொருத்தி யாழ்ப்பாணத்தில் பிறந்து, பள்ளி வயதில் குடும்பத்தோடு நியூ ஜெர்சிக்கு வந்து ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வளர்ந்தவள். வெளியே ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டுவாள், எங்களோடு மட்டும் அவள் வீட்டுத் தமிழில் பேசுவாள்.

மார்ச் மாத விடுமுறைக்கு ஐரோப்பா போகலாம் என்று முதலில் சொன்னது அவள்தான். அவள் கையில் அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தது. எங்கள் இருவரிடமும் இந்திய பாஸ்போர்ட்டும், திரும்பி வரும்போது உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயமும்தான் இருந்தன. அதனால் ஐரோப்பா மாதிரியே இருக்கும் என்று யாரோ சொன்ன சான் பிரான்சிஸ்கோவுக்கு டிக்கெட் எடுத்தோம். நூலகத்திலிருந்து ஊர் சுற்றும் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து மூன்று வாரம் சமையல் மேடையில் வைத்துப் படித்தோம். நாமக்கல்காரிக்கு மேட்டில் ஏறும் கேபிள் கார். யாழ்ப்பாணத்துக்காரிக்கு மரப்பலகை மேல் படுத்துக் குரைக்கும் கடல் சிங்கங்கள். எனக்கு இரண்டு ஆசை. கோல்டன் கேட் பாலத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து கடக்க வேண்டும். அப்புறம், வளைகுடா நடுவில் தீவின் மேல் இருக்கும் அந்தப் பழைய சிறைச்சாலைக்குப் படகில் போக வேண்டும். அதற்கு முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார்கள். ஃபோனில் கூப்பிட்டு மூன்று பேருக்கும் மதியப் படகில் நானே எடுத்து வைத்தேன். தங்குவதற்கு மாணவர் விடுதி ஒன்றில் மூன்று கட்டிலும் சொல்லியாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டபோது அப்பா, விடுதியெல்லாம் வேண்டாம் என்றார். அவரோடு கல்லூரியில் படித்தவர் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறாராம், பெரிய வீடாம், பெண்பிள்ளைகள் கண்ட இடத்தில் தங்கக்கூடாதாம். நான் முடியாது என்றேன். வழக்கமாக இந்த மாதிரிச் சண்டையில் என் பக்கம் நிற்கும் நாமக்கல்காரி அன்று என்னவோ அப்பாவின் பக்கம் பேசினாள். வீட்டுச் சாப்பாடு கிடைக்கும், அங்கிளே கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுவார், எதற்கு வேண்டாம் என்கிறாய் என்றாள். சரி, போகட்டும் என்று கட்டில்களை ரத்து செய்தேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஜனவரியில் என் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, முதுகலையோடு போக வேண்டாம், இங்கேயே முனைவர் பட்டத்துக்கு இரு, செலவை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும் என்றார். கிணற்றுத் தண்ணீரிலிருந்து ஃப்ளோரைடைப் பிரித்தெடுப்பதுதான் என் வேலை. எங்கள் ஊர்ப் பக்கம் பல் மஞ்சளாகி, முட்டி மடங்காமல் நடப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதற்கான வடிகட்டிப் பொடி அப்போதுதான் கொஞ்சம் சொன்னபடி கேட்க ஆரம்பித்திருந்தது. மே மாதத்துக்குள் பதில் சொல் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். தோழிகள் இருவரையும் தவிர அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர், "பாக்கலாம் பாக்கலாம்," என்றார். முடியாது என்று சொல்லவில்லையே என்று எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

ஃப்ரீமான்ட்டில் போய் இறங்கிய மாலையே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அங்கிள் வீட்டு ஆன்ட்டி காபியை என் கையில் கொடுத்த கையோடு, நீங்கள் எந்தக் கூட்டம் என்று கேட்டார். கூட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் குலப்பிரிவு. ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். அதற்காகத்தான் எங்கள் ஊரில் இந்தக் கேள்வி பிறந்தது. ஊர்க்காரர்கள், வழக்கம், கேட்கிறார்கள் என்று பதில் சொன்னேன். ஆன்ட்டி திரும்பி அங்கிளைப் பார்த்துத் தலையாட்டினார். யாழ்ப்பாணத்துக்காரியிடம் அவர் அதைக் கேட்கவில்லை. நாமக்கல்காரியிடமும் கேட்கவில்லை.

காலையில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தேன். ஆன்ட்டி ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, படம் எடுக்கிற நாளில் பளிச்சென்று உடுத்தினால் என்ன, சுடிதார் கொண்டுவரவில்லையா என்றார். கொண்டுவரவில்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் நாமக்கல்காரி என் பெட்டியிலிருந்து அரக்கு நிற சுடிதார் ஒன்றை எடுத்து நீட்டினாள். அது என் பெட்டியில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. பெட்டி அடுக்கும்போது அவள் வைத்திருக்கிறாள். காற்றில் துப்பட்டா நிற்காது என்றேன். ஊசி குத்திக்கொள் என்று ஊசியும் கொடுத்தாள். பெரியவர்கள் வீட்டில் காலையிலேயே தகராறு வேண்டாம் என்று மாற்றிக்கொண்டேன்.

வாசலில் வேனுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தார். முப்பதுக்குள் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. அங்கிளின் ஆபீஸில் வேலை பார்க்கிற தம்பியாம், கோயம்புத்தூராம், சிட்டி அத்துப்படியாம், அதனால் வழிகாட்ட வருகிறாராம். ஆன்ட்டி வேலை இருக்கிறது என்று வீட்டிலேயே நின்றுவிட்டார். ஃப்ரீவேயில் ஏறியதிலிருந்து அங்கிள் அந்தத் தம்பியைப் பற்றித்தான் பேசினார். க்ரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியாச்சு, சன்னிவேலில் டவுன்ஹவுஸ் பார்த்துக்கொண்டிருக்கிறது, தண்ணி சிகரெட் எதுவும் கிடையாது. வழிகாட்டிக்கு எதற்கு இத்தனை நற்சான்றிதழ் என்று யாழ்ப்பாணத்துக்காரி என் காதில் முணுமுணுத்தாள். இருவரும் சிரித்தோம். நாமக்கல்காரி சிரிக்கவில்லை.

பாலத்தில் நல்ல மூடுபனி. சிவப்புத் தூண்கள் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. கீழே கப்பல் ஒன்று ஊதியது, கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தக் குளிரில் எனக்கு மனசு நிறைந்து போனது. நடக்க ஆரம்பித்தேன். ஐம்பதடி போவதற்குள் அங்கிள் பின்னாலிருந்து கூப்பிட்டார். நடக்கவெல்லாம் நேரமில்லை, படம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்றார். முதலில் எங்கள் மூவரையும் எடுத்தார். அப்புறம் என்னைத் தனியாக நிற்கச் சொன்னார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னார். கழற்றினால் எனக்குப் பாலமே தெரியாது என்றேன். "நீ பாலத்தப் பாக்க வேண்டாம் கண்ணு, கேமராவப் பாரு," என்றார். அந்தத் தம்பி கொஞ்சம் தள்ளி நின்று ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பிரபலமான தெருவில் வேனை விட்டு இறங்கவேயில்லை. கேபிள் காரை சிக்னலில் நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அதில் ஏறத்தான் வந்தேன் என்று மூன்று வாரமாகச் சொன்ன நாமக்கல்காரி அன்று வாயே திறக்கவில்லை. எனக்கு எரிச்சல் ஏற ஆரம்பித்தது. ஆனாலும் அடுத்தவர் வண்டி, அடுத்தவர் பெட்ரோல். மதியம் படகு இருக்கிறது, அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடலோரத் துறையில் வேனை நிறுத்தி, ஆன்ட்டி கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். கை கழுவியதும் அங்கிள், மற்ற இருவருக்கும் கடல் சிங்கம் காட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். நானும் எழுந்தேன். "நீ இங்கயே உக்காரு கண்ணு, பையெல்லாம் இருக்குதில்ல. தம்பி தொணைக்கு இருக்கும்," என்றார். மூன்று பைகள்தான், தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். அதைச் சொல்வதற்குள் நாமக்கல்காரி யாழ்ப்பாணத்துக்காரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். நல்லவராகத்தான் தெரிந்தார், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"நேரடியாவே கேட்டுடறேன், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். "மாஸ்டர்ஸோட நிறுத்திட்டு எச்-ஃபோர்ல வர்றதுக்கு நீங்க ஓகேன்னு அங்கிள் சொன்னாரு. பிஎச்டி ஆஃபரையும் வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே. அது நீங்க எடுத்த முடிவா, இல்ல வீட்ல சொன்னாங்களா? எனக்கு அது தெரிஞ்சாகணும்."

எச்-ஃபோர் என்றால் கணவனின் விசாவில் தொற்றிக்கொண்டு வரும் மனைவிக்கான விசா. அதில் இருப்பவள் வேலை பார்க்கக் கூடாது. ஒன்றோடொன்று ஒட்டாத சொற்களாக அவர் பேச்சு என் காதில் விழுந்தது. யாருடைய விசாவில், யார் வருவது என்று கேட்டேன்.

அவர் முகம் வெளுத்தது. "உங்களுக்குச் சொல்லலையா?"

"என்ன சொல்லலை?"

"இன்னிக்குப் பொண்ணு பாக்கறதுன்னு."

அப்புறம் அவரே, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜாதகம் ஜனவரியிலேயே பார்த்தாகிவிட்டது. அவருடைய அம்மாவும் அப்பாவும் ஈரோட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து போய்விட்டார்கள். இன்று சாயங்காலம் சாக்ரமென்டோவிலிருந்து அவருடைய பெரியம்மாவும் பெரியப்பாவும் ஃப்ரீமான்ட் வீட்டுக்கு வருகிறார்கள், பிடித்திருந்தால் பூ வைத்துவிட்டுப் போவதாகத் திட்டம். எனக்கு எல்லாம் தெரியும், எனக்குச் சம்மதம், நாலு பேர் நடுவில் உட்கார வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது என்பதால் இப்படி ஊர் சுற்றும் சாக்கில் வைத்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"உங்க ஃப்ரெண்ட் கூட போன வாரம் ஃபோன்ல பேசினாங்களே," என்றார். "உங்களுக்குப் பாலம்னா ரொம்ப ஆசைன்னு அவங்கதான் சொன்னாங்க."

அதுவரை எனக்கு வந்தது அதிர்ச்சி. கோபம் வந்தது அந்த வார்த்தையில்தான். அவரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நடந்தேன். பைகளும் பெஞ்சிலேயே கிடந்தன.

கடல் சிங்கங்கள் நூற்றுக்கணக்கில் பலகைகளின் மேல் கிடந்து குரைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்கும். நான் கத்தினேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். நாமக்கல்காரி என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். மெதுவாகப் பேசு, எல்லோரும் பார்க்கிறார்கள் என்றாள். காலையிலிருந்து பார்க்கத்தானே விட்டிருக்கிறாய், இன்னும் நாலு பேர் பார்க்கட்டும் என்றேன்.

"சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்ட," என்றாள்.

"அதனால?"

"உங்கப்பா ஃபோன்ல அழுதாருடி. நா என்ன பண்ணட்டும்? நல்ல பையன், பாத்துட்டுப் பிடிக்கலைன்னா விட்ரலாம்னு நெனச்சேன்."

என் பெட்டிக்குள் சுடிதாரை வைத்தவள், விடுதிக் கட்டிலை ரத்து செய்ய வைத்தவள், எனக்கு என்னென்ன ஆசை என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிக்கொடுத்தவள், நான்கு வருடம் பக்கத்துக் கட்டில். அவளை அடித்துவிடுவேன் என்று பயந்து கைகளைக் கட்டிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்துக்காரிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவள் நாமக்கல்காரியைப் பார்த்து, "அப்ப நானும் உந்தப் பொய்க்குத் துணையாத்தான் வந்தனானோ?" என்று கேட்டாள். "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை." நாமக்கல்காரி அழ ஆரம்பித்தாள். அந்த அழுகை என் கோபத்தை இன்னும் கிளறியது. அழ வேண்டியவள் நான், அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

அங்கிள் நடுவில் வந்தார். அவர் குரலில் கொஞ்சமும் கூச்சமில்லை. பார்ப்பதில் என்ன தப்பு, பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போ, யாரும் கழுத்தைப் பிடித்து நெரிக்கவில்லையே என்றார். என் பிஎச்டியை வேண்டாம் என்று சொன்னது யார் என்று கேட்டேன். "உங்கப்பன் சொன்னதத்தான் கண்ணு நாஞ் சொன்னேன்," என்றார். "நீ சொன்னா என்ன, அவன் சொன்னா என்ன?"

பக்கத்துக் கடைச் சுவரில் ஃபோன் இருந்தது. கையிலிருந்த காலிங் கார்டின் எண்களைத் தட்டி ஈரோட்டுக்குப் போட்டேன். அங்கே விடிய இன்னும் நேரம் இருந்தது. அப்பா எடுத்ததும், யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நான் எப்போது பேராசிரியரிடம் வேண்டாம் என்று சொன்னேன், அதைச் சொல்லுங்கள் என்றேன். தூக்கம் கலைந்த குரலில், "இதுக்கா இந்நேரத்துல கூப்ட்ட?" என்றார்.

"பதில் சொல்லுங்கப்பா."

"அந்தத் தம்பியப் புடிச்சுதா இல்லியா, அத மொதல்ல சொல்லு."

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு முழுதாக நினைவில்லை. தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடித்தேன் என்று யாழ்ப்பாணத்துக்காரி பிறகு சொன்னாள். என்னை விற்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. "விக்கறதா? நல்லதுதானே பண்றேன்," என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கார்டில் நேரம் தீர்ந்து இணைப்பு அறுந்தது.

திரும்பியபோது அந்தத் தம்பி என் பையைக் கொண்டுவந்து நீட்டினார். தனக்கு இது தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன், ஃப்ரீமான்ட் வீட்டுக்கு இப்போதே ஃபோன் பண்ணிப் பெரியம்மாவைத் திருப்பி அனுப்பச் சொல்கிறேன் என்றார். அங்கிளிடம் போய் ஏதோ தாழ்ந்த குரலில் காட்டமாகப் பேசினார். பிறகு வேனில் ஏறாமல், ரயிலைப் பிடிக்கத் தனியாக நடந்து போனார். அவரை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

வேனில் ஏறுங்கள், வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார் அங்கிள். நான் படகில் போகிறேன் என்றேன். படகா என்றார். ஆமாம், சிறைக்குப் போகிற படகுதான், டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். யாழ்ப்பாணத்துக்காரி தன் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு என்னோடு வந்தாள். நாமக்கல்காரி இரண்டடி எடுத்து வைத்தாள். உனக்கு வண்டி அங்கே இருக்கிறது என்றேன். நின்றுவிட்டாள்.

தீவு எப்படி இருந்தது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் ஒலிப்பதிவு ஒன்று கொடுத்தார்கள். யார் யார் தப்பித்தார்கள், எந்தச் சுவரைக் கரண்டியால் தோண்டினார்கள் என்று அதில் ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தார். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஈரோட்டில் எங்கள் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த அம்மாவும் அப்பாவும் என்ன பேசியிருப்பார்கள், என் அம்மா காபி ஆற்றிக் கொடுத்தபடி என்ன சொல்லியிருப்பாள், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் என்னிடம் குளிரைப் பற்றி எப்படி விசாரித்தாள் என்றே ஓடிக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் ஆசைப்பட்ட இடம். அதைப் பார்க்கும் கண்ணையும் பிடுங்கிக்கொண்டார்கள். நடுவில் ஒரு முறை யாழ்ப்பாணத்துக்காரி, ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். வேறெதுவும் அவள் கேட்கவில்லை. அதற்காகவே அவளை எனக்கு ஆயுசுக்கும் பிடிக்கும்.

பெட்டிகள் ஃப்ரீமான்ட்டில் இருந்தன. போய்த்தான் ஆக வேண்டும். ரயில் பிடித்து, அங்கிருந்து டாக்சி எடுத்து அந்த வீட்டுக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. வாசலில் தெரியாத கார் ஒன்று நின்றது. ஆன்ட்டி கதவைப் பாதி திறந்து, குரலைத் தாழ்த்தி, "நேரா உள்ள போயி மொகங் கழுவிப் பொடவை கட்டீட்டு வா கண்ணு. வந்து உக்காந்துட்டு எந்திரிச்சுரு போதும். மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்," என்றார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் போனேன். அந்தத் தம்பியின் பெரியம்மாவும் பெரியப்பாவும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். டீபாயில் கேசரி, பஜ்ஜி, ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைச் சரம். தம்பி சொன்னபடி ஃபோன் பண்ணியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஆன்ட்டிதான் எடுத்திருக்கிறார். சரி தம்பி, சொல்லிவிடுகிறேன் என்று வைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. அங்கிளோ வந்தவர்களிடம், பிள்ளைகள் தீவு பார்க்கப் போயிருக்கிறார்கள், தம்பியும் கூட இருக்கிறது, இப்போது வந்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். அத்தனை சத்தத்துக்குப் பிறகும் அதே பொய். நாமக்கல்காரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தண்ணீர் டம்ளர் எடுத்து வந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"வாம்மா, தீவெல்லாம் பாத்தாச்சா?" என்றார் அந்தப் பெரியம்மா. குரலில் பிரியம் இருந்தது.

நான் நின்றபடியே சொன்னேன். என்னைப் பெண் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று மதியம்தான் எனக்குத் தெரியும். உங்கள் பையனுக்கும் பொய் சொல்லியிருக்கிறார்கள், உங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். நான் படிப்பை விடவில்லை, விடவும் மாட்டேன். உங்கள் பையன் மேல் குறையில்லை, அவர் மதியமே வீட்டுக்குப் போய்விட்டார். இவ்வளவுதான்.

பெரியம்மா அங்கிள் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, புள்ளைக்கே தெரியாதுங்களா?"

அங்கிள், சின்னப் பிள்ளைகள், எதையாவது பேசும் என்றார். பெரியம்மா எழுந்தார். அவர் எனக்காகப் பேசப்போகிறார் என்று ஒரு நொடி நம்பினேன். அவர் கணவரைப் பார்த்து, "நல்லவேள, இவ வாயி எப்பிடின்னு பூ வெக்கறதுக்கு முன்னாலயே தெரிஞ்சுபோச்சு," என்றார். மல்லிகைச் சரத்தைத் துணியோடு எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

நானும் யாழ்ப்பாணத்துக்காரியும் பெட்டிகளை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மோட்டலுக்குப் போனோம். வாசல் வரை வந்த ஆன்ட்டி, எட்டுப் பேருக்குச் சமைத்தது அத்தனையும் வீண் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் மூன்று பேரும் ஒரே விமானத்தில்தான் ஹூஸ்டன் திரும்பினோம். முதல் வேலையாக ஆய்வகத்துக்குப் போய்ப் பேராசிரியரிடம் இருக்கிறேன் என்று சொன்னேன். மே மாதம் வரை யோசிக்க நேரம் இருக்கிறதே என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். நாமக்கல்காரி அந்தப் பருவம் முடியும் வரை அதே வீட்டில்தான் இருந்தாள். பலமுறை மன்னிப்புக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் உன் நல்லதுக்குத்தான் என்று முடித்தாள், அதனால் ஒவ்வொரு முறையும் என் கோபம் முதலிலிருந்து ஆரம்பித்தது. பிறகு அவளுக்கு நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கல்யாணப் பத்திரிகை வந்தது. நான் போகவில்லை.

அப்பாவோடு ஒரு வருடம் பேசவில்லை. அம்மா நடுவில் அழுது, அத்தை நடுவில் திட்டி, பேச்சு மெல்ல ஒட்டியது. அந்த நாளைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் பேசியதேயில்லை. நான் எதிர்பார்த்தது பெரிதாக ஒன்றுமில்லை. கேட்டிருக்க வேண்டும் கண்ணு என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் என் ஆய்வு முடிந்தது. பட்டம் வாங்கிய கையோடு ஊருக்குப் போனேன். ஒரு கல்யாண மண்டபத்தில் அப்பா என்னைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அறிமுகப்படுத்தினார்.

"டாக்டர் பட்டமுங்க. தண்ணியப் பத்தின ஆராய்ச்சி. பொம்பளப் புள்ளைய இத்தன தூரம் படிக்க வெக்கறியேன்னு சனமெல்லாம் கேட்டுது. நாந்தான் புடிவாதமாப் படிக்க வெச்சேன்."

அவர் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. அப்படித்தான் நடந்தது என்று அவர் மனதார நம்பினார். கேட்டவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு அப்பா அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். நான் வாயைத் திறந்தேன். சாப்பிட இலை போட்டுவிட்டார்கள் என்று அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். பந்தியில் என் பக்கத்தில் அப்பா உட்கார்ந்தார். இந்தப் பிள்ளைக்கு இன்னொரு அப்பளம் போடு என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொன்னேன். அவர் காதில் விழவில்லை. அப்பளம் இலையில் வந்து விழுந்தது.